ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சர்வீஸ் கடை

சென்னை அயனாவரத்தில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எது வந்தாலும் ஒரே கம்ப்யூட்டர்தான். பழைய எச்61 மதர்போர்டு, விண்டோஸ் 7, பக்கம் வடிவமைக்கப் பேஜ்மேக்கர், தமிழ் எழுத்துருவுக்கு ஸ்ரீலிபி. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். இருபது வருடத்து ஃபைல்கள் அத்தனையும் பழைய எழுத்துருவில் இருக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பும் காலும் எங்கெங்கே போய் விழும் என்று எனக்குத் தெரியும். "புதுசா ஒண்ணு வாங்கிடுங்களேன்" என்று சொல்ல வருபவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஆவணியில் விழுப்புரம் பக்கம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கடைக்கு மூன்று நாள் லீவு. வழக்கமாக ராத்திரி ஷட் டவுன் மட்டும் கொடுத்துவிட்டு ஷட்டரை இழுத்துவிடுவேன். ஊருக்குப் போகிறோமே என்று அன்றைக்கு யுபிஎஸ்ஸையும் அணைத்து, சுவர் ஸ்விட்சையும் அணைத்தேன். பொறுப்பான ஆள் என்று நினைப்பு.

திரும்பி வந்து ஆன் செய்தால் கறுப்புத் திரையில் என்னவோ நாலு வரி வந்தது. ஏதோ ஒரு பட்டனை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். அடுத்து வந்ததுதான் வயிற்றைக் கலக்கியது: 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்'. பென் டிரைவைப் பிடுங்கிப் பார்த்தேன். நாலு தடவை அணைத்துப் போட்டேன். அதே வரி. அன்றைக்குப் பத்து மணிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி தர வேண்டும். கல்யாணப் பத்திரிகையாவது ஒரு நாள் தள்ளிப் போகும், இது தள்ளாது. பெரம்பூரில் நண்பர் கடையில் உட்கார்ந்து அதை முடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் ஏரியாவிலேயே ஒரு சர்வீஸ் கடை இருக்கிறது, முதலில் அங்கேதான் தூக்கிக்கொண்டு போனேன். அந்தத் தம்பி திரையை இரண்டு நிமிடம் பார்த்தார். மூடியைக்கூடக் கழற்றவில்லை. "ஹார்டு டிஸ்க் போயிடுச்சு சார். புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தித் தர்றேன், 4,500 ஆகும். உள்ள இருக்கிற டேட்டா வேணும்னா அது தனி." தனி என்றால் எவ்வளவு என்று கேட்டதற்கு, பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது, பயந்துபோய் வந்துவிட்டேன்.

மறுநாள் சிபியுவை டிவிஎஸ் எக்ஸ்எல் முன்னால் வைத்து, பழைய பெட்ஷீட் சுற்றிக் கட்டி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். ஞாயிற்றுக்கிழமை போய்விடாதீர்கள், முக்கால்வாசிக் கடை அடைத்திருக்கும். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அவரவர் ஜாதகம். பேப்பர் சப்ளை செய்பவர் சொல்லி அனுப்பிய கடை நரசிங்கபுரம் தெருப் பக்கம், ஒரு மொபைல் ஸ்பேர்ஸ் கடைக்கு மேலே, மாடியில். பலகை கிடையாது. படி ஒரு ஆள் அகலம்தான், சிபியுவோடு ஏறினால் முட்டி பெயரும். உள்ளே ஒரு நீள மேசை, இரண்டு மானிட்டர், ஓடியும் காற்று வராத ஒரு ஃபேன். அப்பா பணம் வாங்கிப் போடுகிறார். வேலை பார்ப்பது மகள், இருபத்தைந்து வயது இருக்கலாம்.

இந்தப் பெண் ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் கேள்வி கேட்கிறாள். இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

"அங்கிள், இந்த மெசேஜுக்கு முன்னாடி வேற ஏதாவது கேட்டுச்சா? எஃப்1, எஃப்2ன்னு?"

அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. "ஆமாம்மா, எஃப்2 அழுத்தினேன்."

"ஊருக்குப் போயிருந்தீங்களா? மெயின் ஆஃப் பண்ணீங்களா?"

ஜோசியக்காரி போலக் கேட்கிறாளே என்று இருந்தது. டிலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருமுன் போர்டு காட்டும் செட்டிங் திரைக்குள், போனாள். தேதி 2011 ஜனவரி 1 என்று இருந்தது. அதன் கீழே என்னுடைய இரண்டு ஹார்டு டிஸ்க்கின் பெயரும் வரிசையாக இருந்தன. "பேர் தெரியுது பாருங்க. முழுசாச் செத்த டிஸ்க்கா இருந்தா இங்க பேரே வராது."

விஷயம் இதுதான். போர்டில் எட்டணா மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது, சிஆர்2032. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம், பெயரிலேயே அளவு இருக்கிறது. தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பாற்றுவது அதன் வேலை. சுவர் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை சிபியுவுக்குள் இருக்கும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், அதனால் பேட்டரி செத்துக் கிடப்பது வெளியே தெரியாது. நான் மூன்று நாள் மெயினை அணைத்ததும் குட்டு வெளிப்பட்டது. பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துக் காட்டினாள். 3 வோல்ட் இருக்க வேண்டியது 1.9. ஆன் செய்ததும் போர்டு "எல்லாம் மறந்துபோச்சு, என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறது. நான் எஃப்2 அழுத்தி "உன் இஷ்டம்" என்று சொல்லியிருக்கிறேன்.

எந்த டிஸ்க்கில் முதலில் விண்டோஸைத் தேடுவது என்ற பூட் வரிசை அதன் இஷ்டப்படி மாறிவிட்டது. விண்டோஸ் இருப்பது பழைய 500 ஜிபி டிஸ்க்கில். பத்திரிகை ஃபைல் வைக்க அப்புறம் வாங்கிப் போட்டது 1 டிபி. போர்டு அந்த 1 டிபியை முதலில் வைத்துக்கொண்டு, அதில் விண்டோஸைத் தேடியிருக்கிறது. இந்த மாதிரிப் பழைய பயாஸில் ஹார்டு டிஸ்க்குகளுக்கு என்று உள்ளே தனியாக ஒரு வரிசை உண்டு. அதில் முதலாவதாக இருப்பது மட்டும்தான் வெளி வரிசைக்கு வரும். அதனால் வெளி வரிசையில் மட்டும் தேடுபவர்களுக்கு இரண்டாவது டிஸ்க் கண்ணில் படாது.

புது பேட்டரி போட்டு, தேதி வைத்து, வரிசையை மாற்றினாள். விண்டோஸ் லோகோ வந்தது. எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடி நீலத்திரை அடித்து, மறுபடி ரீஸ்டார்ட். எனக்கு உயிர் போனது. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நீலத்திரையை ஃபோனில் படம் பிடித்து, பெரிதாக்கி, கடைசியில் 7பி என்று முடியும் எண்ணைக் காட்டினாள். "பூட் டிஸ்க்கைத் தொட முடியலன்னு சொல்லுது அங்கிள். இதைப் பார்த்துட்டு விண்டோஸ் கரப்ட்னு ஃபார்மட் அடிச்சிடுவாங்க." மறுபடி பயாஸ். சாட்டா மோட் என்று ஒன்று இருக்கிறது, போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை. என் விண்டோஸை ஏற்றிய புண்ணியவான் அன்றைக்கு அதை ஏஎச்சிஐ என்று வைத்து ஏற்றியிருக்கிறார், போர்டு டீஃபால்ட்டுக்குப் போனபோது அது ஐடிஇ என்று மாறிவிட்டது. திரும்ப ஏஎச்சிஐ வைத்ததும், என் பழைய முருகர் வால்பேப்பர் வந்து நின்றது. அவள் கையில் எடுத்து இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது.

இத்தோடு 40 ரூபாய் பேட்டரிக் காசை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். அவள் விடவில்லை. டிஸ்க்கின் உடல்நிலை காட்டும் ஸ்மார்ட் அட்டவணையைத் திறந்தாள். பழைய டிஸ்க்குக்கு மஞ்சள் எச்சரிக்கை. "சி5ல எட்டு இருக்கு. படிக்க முடியாம நிக்கிற செக்டார், டிஸ்க்கோட குட்டித் துண்டு. சி7ம் ஏறியிருக்கு. சி5 ஏறினா டிஸ்க்குக்கு நோய், சி7 ஏறினா பெரும்பாலும் கேபிளுக்கு நோய்." கேபிள் உண்மையிலேயே லூசாகத்தான் இருந்தது, பூட்டு இல்லாத பழைய சிவப்பு கேபிள். ஆக, ஏரியா தம்பி சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை. டிஸ்க் சீக்காளிதான், ஆனால் அன்றைக்கு அது சாகவில்லை. விண்டோஸிலேயே இருக்கும் செக் டிஸ்க் ஓட்டிச் சரிசெய்யலாமே என்று கேட்டேன். கூடாதாம். சீக்கு டிஸ்க்கை முதலில் முழுதாக நகல் எடுத்துவிட வேண்டும், ரிப்பேரை எல்லாம் நகலில்தான் செய்து பார்க்க வேண்டும் என்றாள்.

நகலை ஏற்ற எஸ்எஸ்டி வாங்கச் சொன்னாள், சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க் அது. நான் 480 ஜிபி விலை கேட்டேன். "அது உங்க 500ஐ விடச் சின்னது, பார்ட்டிஷனைச் சுருக்கணும். 512 வாங்குங்க." கீழே போய் வாங்கி வந்தேன், 2,900. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைப் போட்டு நகல் எடுத்தாள். நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, படிக்காத இடங்களுக்கு அப்புறம் திரும்பி வருகிறது அது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசிவரை இரண்டு செக்டார் படிக்கவில்லை. அதில் என்ன இருந்ததோ, இதுவரை எந்த ஃபைலும் திறக்காமல் போகவில்லை. விண்டோஸ், எழுத்துரு, பேஜ்மேக்கர் எல்லாம் அப்படியே வந்துவிட்டன. ஸ்ரீலிபிக்கு லைசன்ஸ் சாவியான டாங்கிளையும் கையோடு கொண்டுபோயிருந்தேன், செருகியதும் ஏற்றுக்கொண்டது. முன்பு டீ குடித்துவிட்டு வந்தாலும் லோடாகிக்கொண்டிருக்கும் விண்டோஸ் இப்போது உட்காருவதற்குள் வந்துவிடுகிறது.

திட்டும் வாங்கினேன். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுவிட்டது, இதில் இன்டர்நெட் போடவே கூடாது, மெயில் எல்லாம் வேறு மெஷினில் பாருங்கள் என்றாள். சரி என்று தலையாட்டினேன். ஒரு வாரம் கடைப்பிடித்தேன்.

கணக்கு: செக்கிங் 200, பேட்டரி 40, கேபிள் 80, நகல் எடுத்த கூலி 500. வேலை கொடுத்தால் செக்கிங் காசைக் கழித்துவிடுகிறார்கள். எஸ்எஸ்டியோடு சேர்த்து 3,520. எஸ்எஸ்டிக்கு ஒழுங்கான பில் உண்டு. இவர்கள் கூலிக்குத் துண்டுச் சீட்டுதான், கம்பெனிக் கணக்கில் காட்ட முடியாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதில் யாரோ ஒருவருடைய பிரின்டர் உட்கார்ந்திருந்தது. பதினொரு மணிக்குப் போனவன் நாலு மணிவரை நின்றேன். ஃபோன் செய்தால் எடுக்க மாட்டார்கள். அவசர வேலை என்று சொன்னாலும் வரிசைதான். எனக்கு முன்னால் ஒரு காலேஜ் பையன் கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கேபினெட்டில் இரண்டு ஸ்க்ரூ குறைகிறது, மூடி லேசாக அதிர்கிறது. இரண்டு ஸ்க்ரூவுக்காக அந்தப் படியை இன்னொரு தடவை ஏற மாட்டேன்.

பழைய டிஸ்க்கை தினத்தந்தியில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, மார்க்கரில் எழுதிக் கொடுத்தாள்: 'பழய டிஸ்க். நம்ப வேன்டாம்.' இரண்டு வரியில் இரண்டு பிழை. புரூஃப் பார்த்தே பழகிய கை, பேனாவை எடுத்துவிட்டேன். அப்புறம் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.