ஹைவே பெக் வாங்கும் முன் லெக் கார்டை அளந்துவிடுங்கள்

ராயல் என்ஃபீல்டின் மீட்டியர் 350 பைக்கில் கால் வைக்கும் ஃபுட் பெக்கே கொஞ்சம் முன்தள்ளித்தான் இருக்கிறது, அதற்கு மேல் லெக் கார்டில் மாட்டிக் காலை நீட்டி வைக்கும் ஹைவே பெக் எதற்கு என்று கேட்கிறார்கள். முட்டிக்குத்தான். மணிக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த முட்டியை ஐந்து நிமிடம் நீட்டினால் கிடைக்கும் சுகம், சீட்டை மாற்றினாலும் வராது. முழுக்க விறைப்பாக நீட்டாமல் லேசாக மடங்கியிருக்கும்படி வையுங்கள். இல்லையென்றால் உடம்பின் பாரம் மொத்தமும் வால் எலும்பில் இறங்கும்.

எரிச்சல் எல்லாம் பெக்கை லெக் கார்டு குழாயில் கவ்விப் பிடிக்கும் கிளாம்பில். பெட்டியில் 'யுனிவர்சல்' என்று போட்டிருக்கும். லெக் கார்டு குழாயோ 25 மி.மீ.யும் வரும், 32-உம் வரும். குழாயில் நூலைச் சுற்றி, அந்த நீளத்தை 3.14-ஆல் வகுங்கள். 80 மி.மீ. என்றால் 25, 100 என்றால் 32. பெரிய கிளாம்பில் சைக்கிள் ட்யூப் துண்டைத் திணிப்பது கடை வைத்தியம்: அதிர்வில் ரப்பர் நசுங்கி, பெக் மெல்லத் தலைகவிழும். மெல்லிய அலுமினியத் தகட்டைச் சுற்றினால் பிடிக்கும். இறுக்கியபின் கிளாம்பின் இரு பாதிகளுக்கு நடுவே 1-2 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் போல்ட் இறுகியிருக்கிறது, குழாயை ஒன்றும் பிடிக்கவில்லை.

அளவு சரியாக இருந்தாலும் சுழலும். பெக்கின் கை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் காலின் எடை நெம்புகோலாகிக் கிளாம்பைத் திருப்பும். குட்டைக் கைதான் நல்லது. உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட், கழற்றக்கூடிய நீல லாக்டைட் என்ற மரைப் பசை இரண்டும் போடுங்கள். குழாயின் மேல் பூச்சான பவுடர் கோட்டிங் அமுங்கிக் கிளாம்ப் தளர்வதால் முதல் 200 கி.மீ.க்குப் பின் மறுபடி இறுக்கியே ஆக வேண்டும். மடங்காத பெக் வேண்டவே வேண்டாம். வளைவில் தரையில் தட்டினால் வண்டியையே தூக்கிவிடும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி மட்கார்டு இடிக்கிறதா, வலது பக்கம் பேன்ட் சைலன்சர் குழாயில் படுகிறதா என்றும் பாருங்கள்.

80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். வலது கால் பிரேக்குக்குத் திரும்ப அரை நொடி ஆனாலும் 11 மீட்டர் போயிற்று. ஊருக்குள் ஹைவே பெக் பக்கமே கால் போகக் கூடாது.

சுகத்துக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். ஆனாலும் வாங்கச் சொல்ல மாட்டேன். ஆலன் கீயும் கையுமாக அலையப் பொறுமை இல்லாதவர்கள், அந்தக் காசுக்கு வழிநெடுக டீக்கு நிறுத்தலாம். முட்டிக்கும் அதே பலன்தான்.