பேக்கப் சர்வரில் பர்மிஷன்: எந்த வழி தேறும்?

காரைக்குடியில் மெயின் ஆபீஸ், தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் கிளை. ராத்திரியானால் எல்லா லினக்ஸ் மெஷினும் ஒரே பேக்கப் சர்வருக்கு ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கும் புரோகிராம்) ஓட்டுகின்றன. இங்கே கேள்வி இரண்டு. ஃபைல் பிறந்த இடத்தில் யாருடையது, ரீஸ்டோரில் அப்படியே திரும்புமா? சர்வரில் அதை யார் திறக்கலாம், யார் அழிக்கலாம்? இரண்டையும் ஒரே சிஎச்மாடில் (பர்மிஷனை மாற்றும் கட்டளை) தீர்க்கப் பார்க்கும்போதுதான் சிக்கலே.

எல்லாருக்கும் பொதுவாக ஒரே 'பேக்கப்' யூசர் போடுவது அஞ்சு நிமிஷ வேலை. ஆனால் பள்ளத்தூர் மெஷினில் இருக்கும் லாகின் சாவி தேவகோட்டை கணக்கையும் திறக்கும், அழிக்கும். இதைப் பேசி நேரம் போக்க வேண்டாம்.

ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) உள்ளே வந்து, பேரை விட்டு எண்ணையே வைக்கும் நியூமெரிக்-ஐடிஸ் ஆப்ஷனோடு எழுதுவது அடுத்தது. ஓனர் எண் மாறாது, ரீஸ்டோர் சுத்தம். ஆனால் உபுண்டு, டெபியனில் முதல் யூசருக்கு யூஐடி (யூசர் எண்) 1000 விழும். தேவகோட்டை கேஷியரும் 1000, பள்ளத்தூர் ஸ்டோர்கீப்பரும் 1000, சர்வரில் லாகின் வைத்திருக்கும் நம்ம பையனும் 1000. மேல் டைரக்டரி பூட்டில்லாமல் கிடந்தால் எல்லாருடைய ஃபைலுக்கும் அவனே சொந்தக்காரன்! போதாததற்கு, சர்வர் ரூட்டின் சாவியும் ஒவ்வொரு கிளையிலும் கிடக்கும்.

மூன்றாவது ஏசிஎல், அதாவது யாருக்கு என்ன அனுமதி என்று ஃபைலில் தனித்தனியாக எழுதும் பட்டியல். பார்க்க அழகு. அதை எழுதும் செட்ஃபேசிஎல் கட்டளையில், புது ஃபைலுக்குத் தானாக வரும் டிஃபால்ட் ரூல் போட்டு, ரீஸ்டோர் பார்ப்பவருக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுக்கலாம். ஆனால் ஆர்சிங்கின் 'ஏ' ஆப்ஷன் மூல ஃபைலின் மோடையும் (பர்மிஷன் எண்) கொண்டுவரும். 600 (ஓனர் மட்டும் படிக்க, எழுத) ஃபைல் வந்து இறங்கினால் குரூப் பிட் பூஜ்யம். ஏசிஎல் இருக்கும் ஃபைலில் அந்த பிட்தான் மாஸ்க், அதாவது ரூல் கொடுக்கும் அனுமதிக்கு மேல்வரம்பு. ஏசிஎல்லைக் காட்டும் கெட்ஃபேசிஎல் போட்டால் ரூல் அப்படியே நிற்கும், பக்கத்தில் 'எஃபெக்டிவ்' வெறும் கோடாக இருக்கும், அதாவது அனுமதி இல்லை. சம்பளப் பட்டியல் போன்ற 600 ஃபைலைத்தான் அவசரத்தில் தேடுவோம்.

என் ஓட்டு நாலாவதுக்கு: மெஷினுக்கு ஒரு அக்கவுண்ட், டைரக்டரி 700 (ஓனர் மட்டும் நுழையலாம்), சர்வர் பக்கம் ஆர்சிங்கின் ஃபேக்-சூப்பர் ஆப்ஷன். செட்டிநாட்டு வீட்டில் வளவு (உள்முற்றம்) பொது, அறைச் சாவி அந்தந்தப் புள்ளியிடம் (கல்யாணமான குடும்பம்) இருக்கிற மாதிரி. சர்வரில் ஃபைலெல்லாம் அந்த அக்கவுண்ட் பேரில் கிடக்கும். நிஜ ஓனர், குரூப் விவரம் எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டில் (ஃபைலோடு ஒட்டியிருக்கும் கூடுதல் குறிப்பு) பதிவாகும். ரூட் தேவையில்லை. ரீஸ்டோரிலும் சர்வர் பக்கம் அதே ஆப்ஷன் கொடுத்தால் பழைய ஓனர் திரும்புவார்.

டேட்டாவை 700 டைரக்டரியிலேயே நேராகக் கொட்டாதீர்கள். மூல டைரக்டரி 755 (யாரும் நுழைந்து பார்க்கலாம்) என்றால் ஆர்சிங்க் அதையும் 755 ஆக்கிவிடும். உள்ளே 'டேட்டா' என்று ஒன்று திறந்து அதில் இறக்குங்கள், வெளிப்பூட்டு தப்பிக்கும்.

இதிலும் ஓட்டை உண்டு. கிளை மெஷினில் ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தால் அதே அக்கவுண்டால் பேக்கப்பையும் அழிக்கலாம். அதற்கு இசட்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் ரூட் எடுக்கும் ரீட்-ஒன்லி ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் மாற்ற முடியாத பதிவு) வேண்டும். சர்வரே போய் இழுத்துவருகிற முறைக்கு மாறினால், கிளையில் ஆர்ஆர்சிங்க்கை (சாவியை ஆர்சிங்குக்கு மட்டும், ஒரே டைரக்டரிக்குள் கட்டிப்போடும் ஸ்கிரிப்ட்) ரீட்-ஒன்லியாகப் பூட்டுங்கள். போர்க், ரெஸ்டிக் என்ற பேக்கப் புரோகிராம்களில் இந்த ஓனர் குழப்பமே இல்லை, விவரமெல்லாம் அவற்றின் சொந்தக் கிடங்கான ரெப்போவுக்குள். ஆனால் நேற்றைய பில்லை டைரக்டரியில் சட்டென்று திறந்து பார்க்க முடியாது. எங்கள் முதலாளிகளுக்கு அது ஒத்துவராது.

ஃபேக்-சூப்பர் பேக்கப்பை வெளி டிஸ்குக்கு நகல் எடுக்கும்போது ஆர்சிங்கில் எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டை நகலெடுக்கும் பெரிய எக்ஸ் (X) ஆப்ஷனை இரண்டு முறை கொடுக்கணும், ஒன்று போதாது. டிஸ்க் எக்ஸ்ஃபேட்டில் (இந்த ஆட்ரிபியூட்டைத் தாங்காத ஃபார்மட்) இருந்தால் முதலில் லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபார்மட் ஆக்குங்கள்.