மௌத்பீஸ் மாற்றி மூன்று வருடம்

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்ற பேண்டில் செகண்ட் கிளாரினெட் வாசிக்கிறேன். வாத்தியம் யமஹாவின் மாணவர் ரகம்தான். கூடவே வந்த 4சி மௌத்பீஸில் (வாயில் வைத்து ஊதும் முனைத் துண்டு) சுருதிக்குக் குறையில்லை. சத்தம் போதவில்லை, இன்னும் வேண்டும் என்று எனக்குத்தான் ஆசை. முனை நன்றாகத் திறந்த, அதாவது ரீடுக்கும் (அதிரும் நாணல் தகடு) முனைக்கும் இடைவெளி அதிகமான ஒன்றை வாங்கினேன். பெயர் வேண்டாம், தப்பு என் பொருத்தத்தில்.

வீட்டில் தனியாக ஊதினால் சொர்க்கம். பேண்டில் எல்லோரும் ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸுக்குச் சேர்க்கும்போது மட்டும் தகராறு. ஏசி அறையில் முதலில் தெரியாது. வாத்தியம் சூடாக ஆக சுருதி ஏறும். அதை இறக்க, மௌத்பீஸுக்கு அடுத்துள்ள ‘பேரல்’ என்ற குட்டைத் துண்டை இரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்தேன். கீழ் சுரங்கள் லேசாக இறங்கின. நடுவில் இருக்கும் ஜி, ஏ, பி ஃப்ளாட் மூன்றும் தொப்பென்று விழுந்தன. அந்த சுரங்களுக்குக் காற்றோடும் குழாய் குட்டை. அதில் இரண்டு மில்லி பெரிய பங்கு. வலக்கை விரல்களால் சில துளைகளை மூடித் திருத்தலாமே என்பீர்கள். அது இன்னும் இறக்கத்தான் செய்யும்.

மென்மையான இடங்கள்தான் பெரிய கொடுமை. மெல்ல ஊதினால் ஃப்ளூட் இறங்கும், கிளாரினெட் ஏறும். போதாததற்கு, திறந்த முனையை அடக்க நான் ரீடைக் கடிப்பேன், இன்னும் ஏறும். முன் வரிசை ஃப்ளூட் அக்கா திரும்பிப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். இப்போதெல்லாம் பென்சில் கேட்கத்தான் திரும்புகிறார்.

கடைசியில் மாறியது வாண்டோரன் நிறுவனத்தின் எம்13 லைர் மௌத்பீஸுக்கு, அதிலும் 13 சீரிஸ். அந்த சீரிஸை 440-க்கென்றே செய்கிறார்கள். அவர்களுடைய வழக்கமான வகை 442-ஐ ஒட்டியது. வித்தியாசம் எட்டு சென்ட்தான் (அரைச் சுரத்தில் நூறில் எட்டுப் பங்கு). ஆனால் பேரலைக் கிட்டத்தட்ட முழுக்க உள்ளே தள்ளியே வாசிக்க முடிகிறது, அதனால் நடு சுரங்கள் தம் இடத்தில் நிற்கின்றன. முனைத் திறப்பு சுமார் ஒரு மில்லிமீட்டர், கடிக்கத் தேவையில்லை.

குறையும் உண்டு. இரண்டரை நம்பர் ரீட் இதில் சட்டென்று மூடிக்கொள்கிறது. இன்னும் விறைப்பான மூன்றரைக்குப் போனேன், முதல் மாதம் உதடு வலி. முழு பேண்டும் உச்சத்தில் முழங்கும்போது பழைய முரட்டுச் சத்தமும் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் ட்யூனரோடு சுருதிப் பெட்டியையும் எடுத்துப் போங்கள். நாலு கட்டையில் வைத்து, எந்த விரலும் மூடாத ஜி-யை மெல்ல ஊதி, பிறகு பலமாக ஊதுங்கள். இரண்டுக்கும் நடுவே சுருதியோடு உரசி அலை அலையாக அதிர்ந்தால், எவ்வளவு அழகான தொனியானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.