டாட்ஜ் கிங்ஸ்வேயும் தெண்டக் கணக்கும்

வீரவநல்லூர் பக்கம் ரைஸ்மில் வைத்திருக்கிறேன். மில் பேரேட்டின் கடைசி இருபது பக்கத்தில் ஒரு காரின் வரவு செலவு ஓடுகிறது. வரவுப் பக்கம் காலி. செலவுப் பக்கத்தில் எஞ்சின், பிரேக், கரண்ட் என்று தலைப்புகள். அதில் ஒன்று ‘தெண்டம்’. விஷயம் தெரியாமல் நானோ, எனக்காக வேறொருவரோ செய்த வேலைக்குப் போன பணம்.

வண்டி 1951 டாட்ஜ் கிங்ஸ்வே. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பூட்டி விற்ற வகை. கிட்டத்தட்ட இதே வண்டி பிளிமத், டிசோட்டோ என்ற பெயர்களிலும் வந்ததால் அவற்றின் சாமான் நிறையப் பொருந்தும். ஆறு சிலிண்டர், 3.6 லிட்டர், ஸ்டியரிங் தண்டிலேயே மூன்று கியர். 2016 தையில் காரைக்குடிப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்து 4,25,000 ரூபாய்க்கு எடுத்தேன். இந்த ஒன்பது வருஷத்தில் ஓடியது 14,000 கிலோமீட்டர். பெட்ரோல் நீங்கலாகச் செலவு 6,83,000. கிலோமீட்டருக்கு 49 ரூபாய் ஆகிறது. லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர்தான் தரும், அது தனி. வீட்டில் இதற்கு ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்று பெயர்.

முதல் கோடையிலேயே சூடு ஏற ஆரம்பித்தது. குற்றாலம் போகும்போது கடையம் தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் கடைசிக்குப் போய்விடும். ஊரில் ஒருவர் ரேடியேட்டர்தான் காரணம் என்று புதுக் கோர் போட்டார், 11,500. இன்னொருவர் சூட்டுக்குத் தகுந்தபடி தண்ணீரை விடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார். இரண்டுக்கும் சூடு குறையவில்லை. இரண்டும் தெண்டத்தில் ஏறின.

பிறகுதான் மேலப்பாளையத்தில் ஒரு பாயைப் பிடித்தேன். ஃபார்கோ லாரிக் காலத்து ஆள், எழுபத்தெட்டு வயது. எஞ்சினை ஓடவிட்டு, தோசைக்கல்லில் தெளிப்பதுபோல எஞ்சினின் மேல் மூடியான ஹெட் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். முன்பக்கம் சும்மா இருந்தது. பின்பக்கம் ‘சுர்ர்’ என்றது.

“மொதலாளி, ரேடியேட்டர் மேல பழி போடாதிய. உள்ள கொழாய் செத்துப் போச்சு.”

இந்த எஞ்சினில் வால்வெல்லாம் பிளாக்குக்குள்ளேயே, அதாவது சிலிண்டர்கள் இருக்கிற அடிப்பாகத்திலேயே, பக்கவாட்டில் இருக்கும். ஹெட் வெறும் மூடி மாதிரி. அந்த வால்வுகள் உட்காரும் இடத்துக்கு நேராகத் தண்ணீர் பாய்வதற்காக பிளாக்கின் நீளத்துக்கு ஒரு தட்டையான தகரக் குழாயை உள்ளே செருகியிருக்கிறார்கள். அதில் வரிசையாகத் துளைகள். குழாய் துருப்பிடித்துப் போனால் தண்ணீர் முன்னாலேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். கடைசி இரண்டு சிலிண்டர் வெந்துகொண்டே இருக்கும். கடைமடைக்குத் தண்ணீர் வராத வயலும் இப்படித்தான் காயும். ரேடியேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் கழற்றி, கொக்கி போட்டு இழுத்தோம். நொறுங்கின அப்பளம் மாதிரி துண்டு துண்டாக வந்தது, இரண்டு நாள் வேலை. புதுக் குழாய் அமெரிக்காவில் கிடைக்கிறது. பாய் அதற்குக் காத்திருக்கவில்லை. வந்த துண்டுகளைத் தரையில் அடுக்கி அளவெடுத்து, அம்பாசமுத்திரத்தில் விளக்கு செய்கிற ஒரு பட்டறையில் பித்தளைத் தகட்டில் அடித்து வாங்கினார். கூலியோடு 2,800 ரூபாய். அதன் பிறகு சித்திரை வெயிலில்கூட முள் நடுவைத் தாண்டியதில்லை. இந்த வகை வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் இந்தக் குழாயைக் கேளுங்கள். விற்பவர் முழித்தால் விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

சக்கரத்திலும் ஒரு கூத்து நடந்தது. இடப்பக்கச் சக்கர போல்ட்டுகளுக்கு இடது மரை, நாம் பழகியதற்கு நேர்எதிராகத் திருப்பினால்தான் கழலும். சேரன்மகாதேவி ரோட்டில் பஞ்சர் ஆனபோது நான் டீ குடிக்கப் போயிருந்தேன். பஞ்சர் கடைப் பையன் ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதித்து இரண்டு போல்ட்டை முறித்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, சொல்லாமல் போனது நான். இப்போது மட்கார்டுக்கு உள்பக்கம் வெள்ளை பெயிண்டில் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

கரண்ட் 6 வோல்ட். அதுவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பாடியோடு சேர வேண்டியது பேட்டரியின் பாசிட்டிவ். பேட்டரி மாற்றியவர் பழக்கதோஷத்தில் நெகட்டிவை பாடிக்குக் கொடுத்துவிட்டார். டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விடுகிற சுவிட்சுக்குக் கட்டவுட் என்று பெயர், அதன் பாயிண்ட் எரிந்து ஒட்டிக்கொண்டது. செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் உடனே மோட்டாரைப் பிரிக்காதீர்கள், கேபிளைப் பாருங்கள். 12 வோல்ட் வண்டிக்குப் போடுகிற மெல்லிசு கேபிள் இதற்கு ஆகாது. விரல் தடிமன் வேண்டும்.

பிரேக்கை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் ஒரே சுற்றுதான். முன்சக்கரத்துக்கு இரண்டிரண்டு, பின்னால் ஒவ்வொன்று என்று ஆறு வீல் சிலிண்டர், அதில் எது கசிந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஹேண்ட் பிரேக் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தனி ட்ரம்மில் இருக்கிறது. கியர் ஆயில் கசிந்து அது நனைந்திருந்தால் கையில் இழுத்தது பேருக்குத்தான். எனக்கு ஒருமுறை திருநெல்வேலி சுலோசன முதலியார் பாலத்தில் ஜங்ஷனைப் பார்த்து வரும்போது பெடல் தரையைத் தொட்டது. முன்னால் பஸ். இரண்டாவது கியரில் தள்ளி, ஓரக் கல்லில் டயரை உரசித்தான் நிறுத்தினேன். அந்த வாரமே ஆறு வீல் சிலிண்டரையும் கோயம்புத்தூருக்கு அனுப்பி உள்ளே ஸ்லீவ், அதாவது புது உறை, போட்டேன். பிரேக்குக்கு மட்டும் இதுவரை 88,000. அதில் ஒரு ரூபாய்க்கும் வருத்தமில்லை.

பெட்ரோல் புதுத் தலைவலி. இப்போது பங்கில் ஊற்றுவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் அதைத் தாங்காது. பெட்ரோல் பம்ப்பின் டயாபிரம் என்ற ரப்பர் சவ்வு ஊறிக் கிழிந்து பெட்ரோல் எஞ்சின் ஆயிலோடு கலந்துவிட்டது. ஆயில் குச்சியை மோந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். இப்போது எத்தனாலுக்குத் தாங்கும் டயாபிரமும் ஹோஸும் போட்டாயிற்று. மாதக் கணக்கில் நிறுத்துவதென்றால் டேங்கை வடித்துவிடுகிறேன்.

பேப்பர் வேலை பயந்த அளவுக்கு இல்லை. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000, பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே நிற்கும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு என்று இன்னின்னதற்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். வாடகைக்கு விடக்கூடாது. இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. ஆவணி பிறந்தால் போதும், “மாப்ள அழைப்புக்குத்தான அண்ணாச்சி, ரெண்டு தெரு” என்று வந்து நிற்கிறார்கள்.

அப்படியானால் வாங்கலாமா? பிளாக்கும் பின் ஆக்ஸிலும் நம் ஆயுசுக்கு மேல் நிற்கும். சீட்டில் நாலு பேர் சம்மணம் போட்டு உட்காரலாம். டாப் கியரில் மாட்டுவண்டி வேகத்துக்குக் குறைத்து மறுபடி மிதித்தால் இருமாமல் எடுக்கும். வண்டி விலைக்குச் சமமான பணத்தைத் தனியாக எடுத்து வைக்க முடிந்தால் வாங்குங்கள். பாய் மாதிரி ஒருவர் பக்கத்தில் இல்லையென்றால் பணமிருந்தும் வேண்டாம். என் தெண்டக் கணக்கு 72,000. அதில் பாய் கைபட்ட பிறகு ஏறியது போல்ட்டும் கட்டவுட்டும்தான், அவரைக் கேட்காமல் நான் போன இடங்கள்.

தெண்டத்தில் பெரிய தொகை பின்சக்கர பிரேக் ட்ரம். பின் ஆக்ஸில் நுனி கூம்பாக இருப்பதால் ட்ரம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். புல்லர் என்ற இழுப்பான் போட்டுத்தான் எடுக்க வேண்டும். முதல் வருஷம் ஒருவர் சுத்தியலால் அடித்து விளிம்பை உடைத்தார், 14,000. இப்போது பேட்டை லேத்தில் கடைந்த மூன்று கால் புல்லர் ஒன்று மில்லில் கிடக்கிறது. அம்பைக்கும் நெல்லைக்கும் நடுவில் யாரிடமாவது டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ இருந்தால் வந்து எடுத்துப் போகலாம். பேரேட்டில் கையெழுத்து போட்டுவிட்டு.