மிருதங்க விரலுக்கு எச்டி கேம்கார்டர்: ஐந்து வருடம் கழித்து

செகண்ட் ஹேண்டில் எச்டி கேம்கார்டர் விலை இறங்கிக் கிடக்கிறதே, வகுப்புக்கும் ஆய்வுப் பதிவுக்கும் ஒன்று வாங்கலாமா என்று மயிலாப்பூரில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் நண்பர் கேட்டார். 1920-க்கு 1080 படப்புள்ளி, 30 மடங்கு ஆப்டிகல் ஜூம் எல்லாம் அவருக்கே தெரியும். ஐந்து வருடமாக என்னிடம் இருக்கும் கேம்கார்டரில் எனக்கு ஆற்றாமை ஒன்றில்தான்: ஆட்டோவில் விட்டால் இந்தக் கேமரா வாசிக்கும் விரலைத் தெளிவாகக் காட்டாது.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 75 அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) ஓடினால் ஓர் அட்சரம் 0.8 வினாடி. அதில் எட்டுச் சொல், அதாவது எட்டு அடி, விழுந்தால் ஒரு சொல்லுக்கு 0.1 வினாடி. கேமரா வினாடிக்கு 25 படம் எடுக்கிறது என்றால் ஒரு சொல்லுக்கு இரண்டரைப் படம்தான் தேறும். 50 என்றால் ஐந்து. மெனுவில் '50 இன்டர்லேஸ்' என்று இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதில் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணமும் இரட்டைப்படை வரிகள் 20 மில்லிவினாடி கழித்தும் பதிவாகும். நிறுத்திப் பார்த்தால் விரல் சீப்புப் பல்லாகத் தெரியும். எல்லா வரிகளும் ஒரே படமாகப் பதியும் '50 புரோகிரசிவ்', வினாடிக்கு 28 மெகாபிட் என்று மாற்றிக்கொள்ளுங்கள், மணிக்கு 12.6 ஜிபி பிடிக்கும். ஏற்கெனவே இன்டர்லேஸில் எடுத்துவிட்டவர்கள் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் யாடிஃப் ஃபில்டரை மோடு 1-இல் ஓட்டினால் 50 படமும் தனித்தனியே கிடைக்கும். செங்குத்துத் துல்லியம் குறையும், அவ்வளவுதான்.

அடுத்தது ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம். எரிச்சலின் ஊற்றே இதுதான். அறைக்குள் ஆட்டோ ஷட்டர் 1/50 வினாடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். விரல் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இறங்கினால் ஒரே படத்தில் 4 செ.மீ. தீற்றலாக இழுபடும். எந்த விரல் முதலில் தொட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. 1/250 வைத்தால் தீற்றல் 8 மி.மீ.க்குச் சுருங்கும். ஆனால் உடனே வேறொன்று கிளம்பும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கித் தெளியும். 1/50, 1/100 இரண்டும் அந்தத் துடிப்பை முழுதாக வாங்கிக்கொள்ளும். 1/250 அதில் ஒரு துண்டைத்தான் வெட்டி எடுக்கும். திரையில் கறுப்புப் பட்டைகள் மெல்ல ஊரும். தீர்வு, ஜன்னலோரக் காலை வெளிச்சம். இல்லையென்றால் மினுக்காத வீடியோ எல்இடி இரண்டை மிருதங்கத்திலிருந்து ஒரு மீட்டரில் வையுங்கள். 1/50-ஐவிட 1/250-க்கு ஒளி ஐந்து மடங்கு தேவை. விளக்கு வைக்காமல் அதை கெய்னில் (மின்னணு முறையில் வெளிச்சத்தைக் கூட்டுவது) ஈடுகட்டப் பார்த்தால் 14 டெசிபல் ஏறும். மிருதங்கத் தோலின் நடுவிலுள்ள கறுப்பு வட்டமான கரணை முழுக்கப் புள்ளி மொய்க்கும்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த கேமராவை வாங்கவே வேண்டாம். அவற்றில் பல வினாடிக்கு 60 படம் என்ற கணக்கில் மட்டுமே ஓடும். ஷட்டரை 1/100-இல் பூட்டாவிட்டால் எல்இடி வெளிச்சத்தில் படம் துடிக்கும்.

வலந்தலையை (வலக்கை வாசிக்கும் பக்கம்) நெருக்கத்தில் எடுக்கும்போது கரணையின் கறுப்பைப் பார்த்து ஆட்டோ எக்ஸ்போஷர் வெளிச்சத்தை ஏற்றிவிடும், கை வெளுத்துப்போகும். புறங்கையில் வெளிச்ச அளவு பார்த்து ஐரிஸை (லென்ஸின் ஒளித் துவாரம்) பூட்டுங்கள். ஃபோகஸையும் கரணை விளிம்பில் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

ஒலியில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒலி 7 மீட்டர் கடக்க 20 மில்லிவினாடி ஆகும், அதாவது ஒரு முழுப் படம். சபாவின் பின்வரிசையில் 14 மீட்டர் தள்ளிக் கேமரா இருந்தால், விரல் பட்டு இரண்டு படம் கழித்துத்தான் ஓசை வரும். வீடியோவில் நேரக் குறிப்பு இடும் ஈலான் மென்பொருளில் அடிகளைக் குறிப்பவர்களுக்கு இது பெரிய பிழை. மேடையருகே தனி ரெக்கார்டர் வைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் அதன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கைதட்டல் பதியுங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரமும் போகப்போக விலகும். முடிவுத் தட்டல் அதைக் காட்டிக்கொடுக்கும்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரக் கச்சேரியை இடைவிடாமல் எடுக்கும் இந்தக் கேம்கார்டரின் பொறுமை அபாரம். பழைய ஸ்டில் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 வினாடியில் நின்றுவிடும். தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் அப்படி நின்றால் என்ன செய்வது? இதுவோ சூடாகாது, நிற்காது. கோப்பை மட்டும் 2 ஜிபிக்கு ஒன்றாக, சுமார் பத்து நிமிடத் துண்டுகளாகப் போடும். கார்டில் உள்ள ஃபோல்டரை அப்படியே முழுதாகக் காப்பி செய்யுங்கள். துண்டுகளைத் தனித்தனியே இழுத்து ஒட்டினால் ஒட்டில் ஒலி விக்கும்; சரியாக ஒரு கோர்வை (முத்தாய்ப்பான சொற்கட்டு) அங்கேதான் விழுந்திருக்கும்.

கச்சேரிக்கு இதைவிட நம்பகமான கருவி என்னிடம் இல்லை. ஆனாலும் நண்பருக்கு வாங்காதீர்கள் என்றே சொன்னேன். ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் ஷட்டர் ஆட்டோவுக்குத் திரும்பிவிடுகிறது. மாணவன் முன்னால் உட்கார்ந்திருக்க, ஆசிரியர் மெனுவில் நான்கு படி இறங்க வேண்டும். வாங்கியே தீருவேன் என்றால், கடையிலேயே ஷட்டரை 1/250-இல் வைத்து, பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அதே எண் நின்றால், லென்ஸில் டார்ச் அடித்துப் பூஞ்சை இல்லை என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.