நீலப்பச்சைப் பாசிக்கு மெடிக்கல் ஷாப் பெராக்சைடு: எவ்வளவு, எப்படி, எதுவரை

பிளான்டட் டேங்கில், அதாவது செடி வளர்க்கும் மீன் தொட்டியில், நீலப்பச்சைப் பாசி படர்ந்தால் சுலபமாகக் கைக்குக் கிடைக்கும் மருந்து, காயம் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. சில பத்து ரூபாய்தான். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் லேபிளைப் படிக்காமல் ஊற்றினால் பாசியோடு இறாலும் போய்விடும்.

லேபிளில் பார்க்க வேண்டியது அடர்த்தி. வெளிநாட்டு வழிகாட்டிகளில் வரும் அளவு பெரும்பாலும் 3 சதவீதக் கரைசலுக்கு. நம் மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமாகக் கிடைப்பது 6 சதவீதம்; '20 வால்யூம்' என்றும் போட்டிருக்கும். அங்கே சொன்னதை இங்கே அப்படியே ஊற்றினால் இரட்டை டோஸ். 6 சதவீதம் என்றால் 100 லிட்டருக்கு 15 மில்லி, ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம். 2 அடி டேங்கில் மண், கல் போக 60 லிட்டர் நிற்கிறது என்றால் 9 மில்லி. பியூட்டி பார்லர் சாமான் கடையிலும் '20 வால்யூம்' விற்பார்கள். அது தலைமுடிக்கான கிரீம், வேறு பொருள்கள் கலந்தது. டேங்க் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

வந்திருப்பது இந்தப் பாசிதானா என்று விரலால் தெரிந்துகொள்ளலாம். இலையிலிருந்து வழவழவென்று தோல் உரிவதுபோல் ஒரே விரிப்பாகக் கழன்று வரும், அடியில் காற்றுக் குமிழிகள் சிக்கியிருக்கும், முகர்ந்தால் ஈர மண்வாடை தூக்கலாக அடிக்கும். இது உண்மையில் பாசியே அல்ல, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. மற்ற பாசிக்கு வாங்கிவிடும் ஓட்டோ மீனும் அமானோ இறாலும் இதைச் சீண்டாததால், அவற்றை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம்.

மருந்துக்கு முன்னால் கை வேலை. மெல்லிய ஏர் ட்யூபையே சைஃபனாக வைத்து, விரிப்பு கிழிந்து மிதக்காதபடி ஓரத்திலிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் மருந்து விட்டால் செத்த பாசி அத்தனையும் உள்ளேயே அழுகி, ஆக்சிஜனைக் குடித்து, அம்மோனியாவை ஏற்றும். பிறகு ஃபில்டரை நிறுத்தி, தண்ணீர் அசைவு அடங்கியதும், சிரிஞ்சில் எடுத்த மருந்தை மிச்சமிருக்கும் திட்டுகளுக்கு ஒரு விரற்கடை மேலே வைத்து மெதுவாக விட வேண்டும். உடனே பொடிப்பொடியாகக் குமிழி எழும். 20 நிமிடம் பொறுத்து ஃபில்டரைப் போட்டு, ஏர் ஸ்டோனையும் ஓட விடலாம். கையுறை அவசியம், 6 சதவீதம் தோலில் பட்டால் வெளுத்து எரியும். மூன்று முதல் ஐந்து நாள் இப்படிச் செய்து, இடையிடையே வெளுத்துக் கழன்றதை உறிஞ்சி, பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும்.

மருந்து தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், எதுவும் தங்காது. இதுதான் இதன் பெரிய பலம். நெதர்லாந்தின் கூட்ஸ்ஹௌஸ் ஏரியில் 2009-ல் லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் பெராக்சைடு கலந்தே நீலப்பச்சைப் பாசியை அடக்கினார்கள். மற்ற பாசிகளைவிட இதற்குப் பெராக்சைடைத் தாங்கும் சக்தி குறைவு. நாம் விடும் 15 மில்லி மொத்த டேங்கில் கலந்தால் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆகிறது. அதனால் அளவைக் கூட்டுவதற்குக் காரணமே இல்லை. வாலிஸ்னேரியா, ரிச்சியா, பாசிச்செடி (மாஸ்) போன்ற டேங்க் செடிகள் இதற்கே கருகலாம். இறால் டேங்கில் பாதி அளவில் தொடங்குவது நல்லது.

முன்கண்ணாடிக்கும் மண்ணுக்கும் இடையே ஓடும் பச்சைக் கோட்டுக்கு மட்டும் மருந்து சரிவரப் போய்ச் சேராது. பழைய ஏடிஎம் கார்டைச் செருகிச் சுரண்டி, அந்த இடுக்கிலேயே சிரிஞ்சை இறக்கி விட்டு, வெளியே மண் மட்டம் வரை கறுப்பு டேப் ஒட்டினால் வெளிச்சம் நின்று அடங்கிவிடும்.

இந்தப் பாசிக்கென்றே விற்கும் கெமிக்ளீன் பவுடர், டேங்க் முழுக்கப் பரவியதற்கு இதைவிடச் சுலபம்: 10 கேலனுக்கு (சுமார் 38 லிட்டர்) ஒரு ஸ்கூப், 48 மணி நேரம், ஃபில்டரில் இருக்கும் கார்பனை எடுத்துவிட்டு ஏர் ஸ்டோன். விலைதான் கடிக்கும். எரித்ரோமைசின் மாத்திரையை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. மனிதருக்கான ஆன்டிபயாடிக்கைச் சாக்கடையில் ஊற்றி, எதிர்ப்புச் சக்தி கொண்ட கிருமியை வளர்க்கும் வேலை அது.

பெராக்சைடு காரணத்தைத் தொடாது. இரண்டு வாரத்தில் பாசி திரும்பினால் நைட்ரேட்டைச் சோதிக்க வேண்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் செடிகள் பட்டினியில் நின்றுபோகும், இது முந்திக்கொள்ளும். 100 லிட்டருக்கு 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் போட்டால் நைட்ரேட் சுமார் 6 பிபிஎம் (லிட்டருக்கு 6 மில்லிகிராம்) ஏறும். 10 முதல் 20 வரை வைத்திருக்கலாம். ஃபில்டர் ஓட்டம் எட்டாத மூலை எது என்றும், வெளிச்சம் 8 மணி நேரத்தைத் தாண்டுகிறதா என்றும் கூடவே பார்க்க வேண்டும்.

வாங்கும்போது 100 மில்லி பாட்டில் போதும். திறந்தபின் வீரியம் மெல்லக் குறையும். வெளிச்சம் படாமல், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். உறிஞ்சி எடுத்த பாசித் துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டும் குமிழி வரவில்லையென்றால் புது பாட்டில் வாங்கிவிடுங்கள்.