மாத்திரையைக் குறைப்பதற்கு முன்: மூன்று மாற்று வழிகள்

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள், மாதக் கடைசியில் இரண்டு வேளை மருந்தை ஒரு வேளையாக்குவதும், அட்டை தீர்ந்தபின் சம்பளம் வரும்வரை வெறுமனே இருப்பதும் தமிழ்நாட்டில் அன்றாடம் நடக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. மாதாந்திர மாத்திரைச் செலவை அது ஏற்பதில்லை. ஆகவே தனியார் மருந்துக்கடைக்கு மாற்றாக உள்ளவற்றை ஒப்பிட்டாக வேண்டும்.

முதலாவது, அரசு ஆரம்ப சுகாதார நிலையம். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்த பிறகே அனுப்புவதால், இலவச மாத்திரை வேலை செய்யாது என்ற பரவலான ஐயத்தை நான் ஏற்கவில்லை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபைன் போன்ற அடிப்படை மருந்துகளுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது உண்மையான தடைதான்; 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து அதைக் கணிசமாகக் குறைத்தது.

புதிய மருந்துகளை எழுதிக் கொடுத்தால்தான் சிக்கல். அங்கே மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் கைகொடுக்கின்றன. சர்க்கரை மருந்தான சிட்டாகிளிப்டினின் காப்புரிமை 2022இல் முடிந்ததும், 50 மில்லிகிராம் மாத்திரைகள் பத்து கொண்ட அட்டை அங்கே 60 ரூபாய்க்கு வந்தது. பெயர்பெற்ற நிறுவனங்களின் அட்டை அப்போது 160 ரூபாயைத் தாண்டியிருந்தது. மாநில அரசு 2025 பிப்ரவரியில் திறந்த ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்துகளையே முதன்மையாக விற்கின்றன. இவ்விரண்டில் அருகில் இருப்பதை, கேட்ட மருந்து கையிருப்பில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அடிப்படை மாத்திரைகளை அரசிடம் இலவசமாகப் பெற்று, கிடைக்காததை மட்டும் இம்மருந்தகங்களில் வாங்குவதே என் பரிந்துரை. மருத்துவர் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரை எழுதியிருந்தால், அதைத் தனித்தனி மருந்துகளாக எழுதித் தர இயலுமா என்று அவரிடமே கேட்கலாம். செலவுக்கு அஞ்சி, இரத்த அழுத்த மருந்தான அட்டெனலாலைத் திடீரென நிறுத்துவது மாரடைப்பு வரை கொண்டுபோகலாம்; மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மினைப் பொடித்தால் முழு அளவும் ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். பணம் போதவில்லை என்பதை மருத்துவரிடம் சொல்ல யாரும் கூச வேண்டியதில்லை. அது தெரிந்தால்தான் அவரால் மருந்தை மாற்றி எழுத முடியும்.